இடது பக்கமா இறங்குங்க

"தொப்!"

படிக்கட்டில் பாதி ஏறியிருந்த மணிமொழி அப்படியே நின்றாள். மூட்டை விழுந்தால் ஒரு சத்தம் வரும். பக்கெட் விழுந்தால் வேறு சத்தம். இது இரண்டும் இல்லை. இது ஆள்.

மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மூன்றாவது மாடி ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தாள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. விழுந்தவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, ஒழுங்காகத் தலைமாட்டில் சாய்த்து, தண்ணீரும் கொடுத்துவிட்டார்கள். பாத்திரக் கடை ஜானி பாஷா. குடலிறக்க ஆபரேஷன் நல்லபடி முடிந்து, நாளை வீட்டுக்குப் போக வேண்டியவர். இப்போது முழங்கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

கட்டில் பக்கத்தில் நர்ஸ் பிர்தௌஸ் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மூணாவது ஆளு" என்றாள்.

மணிமொழிக்கு அந்த மருத்துவமனையில் ஒரு விநோதமான வேலை. நோயாளிகள் விழாமல் பார்த்துக்கொள்வது. நர்ஸாகப் பல வருஷம் ஓடியவளை உட்கார வைத்து, 'நோயாளி பாதுகாப்பு' என்று கதவில் பலகை மாட்டிவிட்டார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் நர்ஸ் சில கேள்விகள் கேட்க வேண்டும். சமீபத்தில் விழுந்ததுண்டா, தடி பிடித்து நடக்கிறவரா, கையில் சலைன் ஏறுகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, தன்னால் முடியாததைத் தெரிந்து வைத்திருக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை ஏறினால் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. அவருக்குக் கட்டிலைச் சுற்றி முழுத் தடுப்பு, பக்கத்திலேயே ஓர் ஆள். கூட்டுத்தொகை குறைந்தால் பச்சைப் பட்டை. அவர் பாட்டுக்கு எழலாம், நடக்கலாம், கழிவறைக்குப் போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், மஞ்சள் பட்டைக்காரர்கள் ஒருவர்கூட விழவில்லை. முதலில் விழுந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் பச்சை. மண்டையில் தையல். அடுத்து விழுந்த, நிலக்கடலை விற்கிற கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி பச்சை. மணிக்கட்டில் மாவுக்கட்டு. இப்போது ஜானி பாஷா.

பச்சை.

மூன்று பேருக்கும் கேள்வி கேட்டுப் பட்டை கட்டியவள் பிர்தௌஸ்.

"எப்படி பாய் விழுந்தீங்க?" என்றாள் மணிமொழி.

"எப்படின்னு கேட்டா? தூங்கி எழுந்தேன். இந்தப் பொண்ணு ஆயிரம் வாட்டி சொல்லுச்சு, எழுந்தா இடது பக்கமா இறங்குங்க, அங்கதான் ஸ்டூல் கீதுன்னு. அதேபோல இடது பக்கம் காலை உட்டேன். ஸ்டூலக் காணோம்!"

இந்தப் புது பிளாக்கின் கட்டில்கள் இடுப்பு உயரம். ஒரு படி ஸ்டூல் இல்லாமல் இறங்க முடியாது. எல்லாக் கட்டிலுக்கும் இடது பக்கம்தான் ஸ்டூல் என்பது நிர்வாகத்தின் சட்டம்.

மணிமொழி குனிந்து பார்த்தாள்.

கண்டக்டரும் இதையேதான் சொன்னார். வியாபாரியும் இதையேதான் சொன்னார். யாரோ ஸ்டூலை நகர்த்தி விடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, அன்று காலைதான் ஒவ்வொரு ஸ்டூலின் கால்களைச் சுற்றியும் தரையில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். ஜானி பாஷாவின் ஸ்டூல் பிளாஸ்டர் கோட்டுக்குள் கச்சிதமாக நின்றிருந்தது. கட்டிலின் இடது பக்கத்தில்.

"பாய், ஸ்டூல் இருக்கே?"

எட்டிப் பார்த்த ஜானி பாஷா கண்ணைக் கசக்கினார். "அல்லாவே! நான் இறங்கினப்போ இல்லம்மா. சத்தியமா இல்ல!"

மணிமொழி கால்மாட்டில் கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி, அவர் தலைக்கடியில் செருகினாள். யோசித்துக்கொண்டே செருகினாள். எதைச் செருகுகிறோம், எங்கிருந்து எடுத்தோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நிர்வாக மேலாளர் இளஞ்செழியனுக்கு மர்மங்கள் பிடிக்காது. "இதுல என்னங்க புரியல?" என்றார், பேனாவைத் திறந்து மூடியபடி. "அந்தப் பொண்ணு கேள்வியைச் சரியாக் கேக்கல. மஞ்சள் கட்ட வேண்டிய ஆளுக்குப் பச்சை கட்டியிருக்கு. சாயங்காலம் டைரக்டர் வர்றார். அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் வேணும். நர்ஸோட கவனக்குறைவுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"முடிஞ்சது யாருக்கு சார்? அவளுக்கா?"

"வேற வழி? மூணு பேர் விழுந்திருக்காங்க மேடம். யாரையாவது அனுப்பித்தானே ஆகணும்."

கவனக்குறைவு என்று எழுதி அனுப்பப்பட்ட நர்ஸை இந்த ஊரில் வேறெந்த மருத்துவமனையும் வாசல்படி ஏற விடாது. பிர்தௌஸ் வேலை நிரந்தரமாகி இனிப்பு கொடுத்த டப்பா இன்னும் மணிமொழியின் மேஜையில், குண்டூசி போட்டு வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல சார். ஆனா மூணு பெரிய மனுஷங்களுக்கு ஒரே மாதிரி இடது எது வலது எதுன்னு மறந்து போகாது. இல்லீங்களா?"

இளஞ்செழியன் பேனாவை மூடினார். இந்த முறை திறக்கவில்லை.

மணிமொழி மறுபடி வார்டுக்குப் போனாள். முதல் வேலையாக ஜானி பாஷாவிடம் அதே கேள்விகளைத் தானே கேட்டாள்.

"சமீபத்துல எங்கேயாவது விழுந்தீங்களா பாய்?"

"இன்னாம்மா கேள்வி இது! இப்பத்தானே விழுந்தேன்?"

"அதுக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி நிக்காஹ்ல விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கல."

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. மணிமொழியும் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டாள். நடக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். மனிதர் நின்றார். சந்தேகமே இல்லாத பச்சை. பிர்தௌஸ் கேட்டதில் தப்பில்லை. தரை? கையால் தடவினாள், சொரசொரப்பு. மருந்து? மயக்கம் தருகிற மாத்திரை எதுவும் அவருக்குக் கொடுக்கவில்லை. கட்டில் சக்கரம்? பூட்டு இறுக்கமாக இருந்தது.

எல்லாம் சரி. ஆனாலும் ஆள் விழுகிறான்!

"நல்லா தேடுமா, தேடு" என்றது கோடிக் கட்டில்.

அது தருமன். எழுபதைத் தாண்டிய விவசாயி. மூச்சுத் திணறலோடு வந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயும் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையுமாகப் படுத்திருப்பவர். எழுந்து நிற்கத் திராணி இல்லை. வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் கிடையாது.

"விழுவேன்னு எனக்குப் பட்டை கட்னீங்கோ. நான் இன்னும் விழல. விழமாட்டான்னு நீங்கோ எழுதுனவன்லாம் வரிசையா விழறான். உங்க ஜோசியம் பிரமாதம்!"

"ஜோசியம் இல்ல பெரியவரே, கணக்கு."

"கணக்குன்னா இன்னும் மோசம்."

அவருடைய போர்வைக்குள் முழங்கால்கள் இரண்டும் கூடாரம் போட்டதுபோல உயர்ந்து நின்றன. அவர் கை முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"முட்டி வலியா?"

"கடுக்குது. ஜாஸ்தியா கடுக்குது. மூச்சு தேவலாம், முட்டிதான் உயிர் போவுது."

"மடக்கியே வெச்சிருந்தா கடுக்கத்தானே செய்யும்? காலை நீட்டிக்கோங்க."

"நீட்டலாம்... நீட்டலாம்..." தருமன் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேச்சை மாற்றினார். "இன்னிக்கு இட்லி இன்னாமா கல்லு மாதிரி?"

நீட்டலாம் என்றவர் நீட்டவில்லை. அது மணிமொழியின் மூளையில் எங்கேயோ போய் முள் மாதிரிக் குத்திக்கொண்டு நின்றது. பிடுங்கிப் பார்க்கத்தான் தெரியவில்லை.

ஜன்னலுக்கு நேரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. காலையில்தான் ஒருவர் வீடு போயிருந்தார். அதைப் பார்த்தபடி நின்றவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. விழுந்த இடத்தைப் பார்த்தோம், விழுந்த ஆளைக் கேட்டோம். விழுகிறவன் பார்வையில் இந்த வார்டு எப்படி இருக்கும் என்று பார்த்தோமா?

"பிர்தௌஸ், இங்க வா. நான் புதுசா சேர்ந்த பேஷன்ட். என்னைப் படுக்க வெச்சு நீ வழக்கமா சொல்றதெல்லாம் சொல்லு."

"அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும். டிக்கெட் இல்லாத ஷோதானே."

மணிமொழி செருப்பைக் கழற்றினாள். ஸ்டூலில் ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்து, தலைமாட்டில் தலை வைத்துச் சாய்ந்தாள். பிர்தௌஸ் ஒப்பித்தாள்.

"இது தடுப்புக் கம்பி, புடிச்சிக்கலாம். தலைமாட்டுச் சுவத்துல மணி இருக்கு, அழுத்துனா வருவேன். எழுந்தா இடது பக்கமா இறங்குங்க, அங்கதான் ஸ்டூல் இருக்கு."

"சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு மணிமொழி காலை நீட்டினாள்.

நீட்டப் போனாள் என்பதுதான் சரி.

எதிரே அகலமான கண்ணாடி ஜன்னல். அதன் முழு அகலத்துக்கும் மலை. மத்தியான வெயிலில் பாறை பாறையாக, உச்சி வரைக்கும் துல்லியமாக. அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில், சட்டம் போட்டு மாட்டியதுபோல மலை.

கால் தானாக மடங்கிக்கொண்டது.

அவள் மடக்கவில்லை. மடக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. முழங்கால்கள் இரண்டும் உயர்ந்து, புடவைக்குள் ஒரு கூடாரம் நின்றது.

கூடாரம்!

தலையைத் திருப்பிக் கோடிக் கட்டிலைப் பார்த்தாள். தருமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கூடாரமும் அவளுடைய கூடாரமும் ஒரே வரிசையில், ஒரே ஜன்னலைப் பார்த்து.

"ஆ! இப்பப் புரியுதா?" என்றார் தருமன். "அந்த மலையே சாமி. சாமிக்கு நேரா எப்படிம்மா காலை நீட்றது? என்னைத் திருப்பிப் போடுங்கன்னு கேக்கலாம்னா, ஆஸ்பத்திரில போய் இதைச் சொன்னா சிரிப்பீங்கோ. தானா திரும்பலாம்னா சுத்தியும் கம்பி, மூக்குல குழாய்."

"திரும்ப முடிஞ்சவங்க?" மணிமொழி எழுந்து உட்கார்ந்தாள். "திரும்ப முடிஞ்சவங்க என்ன பண்ணுவாங்க பெரியவரே?"

"திரும்பித்தான் படுப்பாங்கோ. தலகாணியத் தூக்கி அந்தாண்ட போட்டா ஆச்சு."

தலையணை. கால்மாட்டில் கிடந்த தலையணை. அதைத் தன் கையாலேயே எடுத்துத் தட்டி இந்தப் பக்கம் செருகினாளே!

மணிமொழி அந்தக் கணமே தலையணையைக் கால்மாட்டில் போட்டு, அப்படியே மாறிப் படுத்தாள். இப்போது தலை ஜன்னலுக்கு, கால் சுவருக்கு. கால் நிம்மதியாக நீண்டது. மணி? பாதத்துக்குப் பின்னால், எட்டாத தூரத்தில். தடுப்புக் கம்பி? கட்டிலின் மேல்பாதிக்கு மட்டும்தான் அது. இப்போது காலுக்குக் காவல் இருந்தது. உடம்புக்கு இரண்டு பக்கமும் வெட்டவெளி.

"இப்ப சொல்லு பிர்தௌஸ். நான் தூங்கி எழுந்துட்டேன். எந்தப் பக்கம் இறங்கணும்?"

"இடது பக்..."

பிர்தௌஸின் கண் ஸ்டூலைத் தேடியது.

மணிமொழியின் இடது கை அந்தரத்தில் தொங்கியது. அந்தப் பக்கம் ஸ்டூல் இல்லை. ஸ்டூல் அசையவே இல்லை, பிளாஸ்டர் கோட்டுக்குள் நின்ற இடத்திலேயேதான் நின்றது. மனிதன்தான் திரும்பிவிட்டான். அவனோடு அவனுடைய இடதும் வலதும் சேர்ந்து திரும்பிவிட்டன.

"அப்போ... நான் சொன்னதைக் கேட்டதாலதான் விழுந்தாங்களா?" பிர்தௌஸின் கண் கலங்கியது. "கேக்காம இஷ்டத்துக்கு இறங்குனவங்க தப்பிச்சாங்க. கேட்டு இறங்குனவங்க..."

"அழாத. முழுசா யோசிக்க விடு." மணிமொழிக்கு இப்போது வேகம் பிடித்துவிட்டது. "பழைய பிளாக்ல இந்தத் தொல்லை ஏன் இல்ல? அங்க ஜன்னலுக்குத் தலை, வாசலுக்குக் கால். தீபத் திருவிழா முடிஞ்ச கையோட இந்த பிளாக் தொறந்தப்போ ஆக்ஸிஜன் குழாயெல்லாம் கிழக்குச் சுவத்துல வந்துச்சு. அதனால தலையெல்லாம் கிழக்க போச்சு. காலெல்லாம் மலைக்கு வந்துடுச்சு. கண்டக்டர், கிரிவலம் விடாத ஆளு, சரி. வியாபாரி நெத்தியில விபூதிப் பட்டை போட்ட பக்தர், சரி. ஆனா..."

நின்றாள். ஒரு கணக்கு இடித்தது.

"ஆனா பாய் ஏன் விழுந்தார்? அவருக்கு மலைக்குக் காலை நீட்டினா என்ன?"

வார்டே ஜானி பாஷாவைத் திரும்பிப் பார்த்தது. இந்த ஓர் ஓட்டையை வைத்தே இளஞ்செழியன் முழு ரிப்போர்ட்டையும் கிழித்துவிடுவார்.

"பாய், நீங்க திரும்பிப் படுத்தீங்களா?"

"ஆமா, படுத்தேன்."

"ஏன்?"

ஜானி பாஷாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஏன்னா? அது மேற்கும்மா."

பிர்தௌஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா! மேற்கு! கிப்லா! நாங்க தொழற பக்கம். எங்க வீட்லயும் அந்தப் பக்கம் காலை நீட்டிப் படுக்க மாட்டோம். நீட்டினா எங்கம்மா காலை உடைச்சிடுவாங்க!"

"உங்களுக்கு மேற்கு. எங்களுக்கு மலை."

"ரெண்டும் ஒரே ஜன்னல்ல கீதே!" என்றார் தருமன், என்னவோ அந்த ஜன்னலைத் தானே வைத்த மாதிரி.

"ஏன்டி, இவங்க திரும்பிப் படுக்கறதை நீ பார்த்ததே இல்லையா?"

"தினம் பார்க்கறேன். பாதிப் பேரு அப்படித்தான் படுப்பாங்க. எனக்கு அது..." பிர்தௌஸ் வார்த்தை தேடினாள். "எனக்கு அது தப்பாவே படலக்கா. நானா இருந்தாலும் அப்படித்தானே படுப்பேன்."

மணிமொழியால் கோபப்பட முடியவில்லை. கோயிலை ஒட்டிய பேகோபுரத் தெருவில் பிறந்து வளர்ந்த அவளே ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் அந்தத் தலைகீழ்த் தலைகளைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். வெளியூரிலிருந்து ஒருத்தி வந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

"வாய்ப்பே இல்ல" என்றார் இளஞ்செழியன்.

அவரை வார்டுக்கே அழைத்து வந்திருந்தாள் மணிமொழி. கதையை முழுக்கக் கேட்டவர் முதலில் சிரித்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், இன்ஜினியர் வாஸ்து பார்த்துப் போட்ட வார்டு இது. கிழக்கே தலை, பிரமாதம்னு சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்தவன் உடம்பைப் பார்ப்பானா, கால் எந்தப் பக்கம்னு பார்ப்பானா? டைரக்டர்கிட்ட இதைச் சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பார்."

"நீங்க ஒரு வாட்டி படுத்துப் பாருங்க சார்."

"நானா? எங்கப்பா எனக்கு இளஞ்செழியன்னு பேர் வெச்சதே இதெல்லாம் பார்க்கக் கூடாதுன்னுதான்."

"அப்போ கவலையே இல்ல. படுங்க."

வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வாங்க முடியாது. இளஞ்செழியன் ஸ்டூலில் ஏறிப் படுத்தார். கால் மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

"காலை மேல வைங்க சார்."

"ஷூ... பெட்ல படக் கூடாதில்ல?"

"கழட்டிடுங்க."

கழற்றினார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். இன்னொன்றையும் வைத்தார். எதிரே மலை. ஒரு நிமிஷம் யோசித்தவர், எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முதுகு பிடிச்சிருக்கு" என்றார்.

"ஐயாவுக்கும் முட்டி கடுக்கும்போல கீது" என்றார் தருமன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இளஞ்செழியனின் காது மடல் சிவந்துவிட்டது. "சரி, இப்படிப் படுத்தா என்னவாம்?" என்று ரோஷத்தோடு தலையணையைத் தூக்கி மறுபக்கம் எறிந்து, மாறிப் படுத்து, இரண்டு காலையும் சுவரைப் பார்த்து நன்றாக நீட்டினார். "இதோ படுத்தாச்சு. இதோ எழுந்தாச்சு. இதோ சட்டப்படி இடது பக்கம் இறங்க..."

இடது காலைக் கீழே விட்டார்.

அங்கே எதுவும் இல்லை.

பிடிக்கக் கம்பியைத் தேடிய கை காற்றைப் பிடித்தது. உடம்பு சாய்ந்தது. "ஏய்!" என்ற ஒரே ஒரு சத்தம்.

மணிமொழி நின்றது மறுபக்கத்தில். அவளால் எட்டியிருக்கவே முடியாது. ஆனால் அந்தப் பக்கம், அவர் படுத்த நிமிஷத்திலிருந்தே கண்ணை எடுக்காமல், இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். பிர்தௌஸ் அவர் அக்குளுக்கடியில் தோள் கொடுத்துத் தாங்கினாள். காலைத் தரையில் ஊன்ற வைத்தாள். பழக்கதோஷத்தில் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். மெதுவா மூச்சு விடுங்க."

இளஞ்செழியன் மூச்சு விட்டார். ஸ்டூலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கடைசியில் தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"ஸ்டூல் இடது பக்கம்னு சட்டம் போட்டது நான்தான்" என்றார் மெதுவாக. பிறகு மணிமொழியிடம் திரும்பினார். "ரிப்போர்ட்ல அந்த ரெண்டு வரி வேண்டாம். என் சட்டத்தைப் பத்தி எழுதுங்க. டைரக்டர் சிரிச்சா அவரையும் கூட்டிட்டு வர்றேன், படுத்துப் பார்க்கட்டும். இந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கட்டும்."

பிர்தௌஸ் அப்போதுதான் அழுதாள்.

அடுத்த நாளே கட்டில்கள் திரும்பின. வடக்கே தலை வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மேற்கே கால் நீட்ட மாட்டார்கள். அதனால் ஜன்னலுக்குத் தலை, வாசலுக்குக் கால் என்று பழையபடியே ஆயிற்று. ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு நீளக் குழாய் வந்தது. சென்னையிலிருந்து இன்ஜினியர் போனில் கத்தினார். இளஞ்செழியன் அவரை நேரில் வந்து படுத்துப் பார்க்கச் சொன்னார். சேருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளில் மணிமொழி ஒன்றைச் சேர்த்தாள்: 'வீட்டில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள்?' ஒவ்வொருவரும் இதற்குச் சொல்கிற பதிலைக் கேட்கவே அவள் சில நாள் வார்டில் வந்து நின்றாள்.

'இடது பக்கமா இறங்குங்க' என்பது போய், "முதல்ல ஸ்டூலைக் கண்ணால பாருங்க, அப்புறம் காலை விடுங்க" என்று பிர்தௌஸ் சொல்ல ஆரம்பித்தாள்.

கடைசியாகத் திரும்பியது கோடிக் கட்டில். நான்கு பேர் சேர்ந்து குழாயோடும் கம்பியோடும் தருமனைத் திருப்பி நிறுத்தினார்கள். சக்கரத்தைப் பூட்டினார்கள். அவர் ஒருமுறை தலையைத் தூக்கி, பாதம் எந்தப் பக்கம் என்று சரிபார்த்துக்கொண்டார்.

போர்வைக்குள் கூடாரம் மெல்லச் சரிந்தது. 'மடக்' என்று முதலில் ஒரு முட்டி. 'மடக்' என்று அடுத்தது. இரண்டு காலும் கட்டில் நுனி வரைக்கும் நீண்டன.

"அப்பாடா! இனிமே விழுந்தாலும் நிம்மதியா விழுவேன்."

"வாயைக் கழுவுங்க தாத்தா!" என்று பிர்தௌஸ் வார்டின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.